வீட்டுக்கு ஜாக்கி வாங்கப் போறீங்களா? ‘டன்’ மட்டும் பார்த்தால் போதாது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவை சரவணம்பட்டி பக்கம் போனால், சத்தி ரோட்டை ஒட்டிய தெருக்களில் வாசலுக்கு வாசல் கார் குளித்துக்கொண்டிருக்கும். வாரம் முழுக்க ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு, காரை நாமே கவனித்துக்கொள்வதில் ஒரு திருப்தி. ஒரே ஒரு பேருந்தை வைத்து 1920-ல் பொள்ளாச்சி - பழநி இடையே ஓட்டத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் ஊர் இது. மெஷினைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் இங்கே புதிதல்ல.

கழுவுவதோடு நின்றால் பிரச்னை இல்லை. டயரை முன்பின் மாற்றிப் போட, பிரேக் பேடைப் பார்க்க என்று காரைத் தூக்கும்போதுதான் கவனம் தேவை. ஜாக்கி சறுக்கினால் கார் நேராகக் கீழே வரும். அடியில் கையோ தலையோ இருந்தால் அவ்வளவுதான்.

காரோடு வரும் ஜாக்கி போதாதா?

டிக்கியில் இருக்கும் கத்தரி ஜாக்கி, நடுவழியில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதன் அடித்தட்டு சிறியது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சாயும். அடிக்கடி வேலை செய்பவர்களுக்கு சக்கரம் வைத்த டிராலி ஜாக்கிதான் சரி.

சிறிய பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தம் எண்ணெய் வழியாகப் பெரிய பிஸ்டனுக்குப் போகிறது. ஒன்றின் விட்டம் 1 செ.மீ., மற்றொன்று 5 செ.மீ. என்றால் விசை 25 மடங்காகும். நீளமான கைப்பிடி அதை இன்னும் பெருக்கும். பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான் இது.

2 டன்னா, 3 டன்னா?

சின்ன ஹேட்ச்பேக் கார்கள் ஏறத்தாழ 1 டன் எடை. வீட்டில் முழு காரையும் யாரும் ஒரே நேரத்தில் தூக்குவதில்லை; ஒரு மூலை அல்லது ஒரு பக்கம்தான். எனவே, 2 டன் ஜாக்கி தாராளம். பெரிய எஸ்.யூ.வி., எம்.பி.வி. வைத்திருப்பவர்கள் 3 டன்னுக்குப் போகலாம். ஆனால், கனமான 3 டன் ஜாக்கி 25, 30 கிலோ வரை இருக்கும். அபார்ட்மென்ட் மாடியிலிருந்து தினமும் இறக்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

உயரத்தை அளந்து பாருங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஜாக்கி எவ்வளவு தாழும், எவ்வளவு உயரும் என்ற இரண்டு அளவும் முக்கியம். டயரில் காற்று இறங்கினால் கார் இன்னும் தாழும். அப்போது ஜாக்கியின் தலை அடியில் நுழையாது. எஸ்.யூ.வி-யில் கதை வேறு. பாடி மேலே போனாலும், சஸ்பென்ஷன் விரிந்து சக்கரம் தரையிலேயே நிற்கும். அதனால் கூடுதல் உயரம் தேவை. கடைக்குப் போகும் முன், தரையிலிருந்து ஜாக்கி வைக்கும் இடம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

தரை எப்படி?

டிராலி ஜாக்கியின் கை வட்டப்பாதையில் உயர்கிறது. அதனால், தூக்கும்போது ஜாக்கி காருக்கு அடியில் கொஞ்சம் உருள வேண்டும். மண்ணிலும் ஜல்லியிலும் சக்கரம் புதைந்துவிட்டால் உருளாது. ஜாக்கியின் தலை காரிலிருந்து சறுக்கும். வாசலில் பதித்த இன்டர்லாக் கல் உள்வாங்கலாம், போர்டிகோ டைல்ஸ் உடையலாம். சமமான கான்கிரீட் தரையே நல்லது. வாசல் சரிவாக இருந்தால் அங்கே தூக்கவே கூடாது.

தூக்க ஜாக்கி, தாங்க ஸ்டாண்ட்

ஜாக்கிக்குள் ஒரு சீல் தேய்ந்தாலும் எண்ணெய் கசிந்து கார் இறங்கிவிடும். எனவே, தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுத்து, காரை அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். ஜோடியாக, பூட்டு பின் உள்ள ஸ்டாண்டாக வாங்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். அவை சொல்லாமல் உடையும். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் சேர்த்துக் காசு இல்லையென்றால், இரண்டுக்கும் சேரும் வரை காத்திருக்கலாம்.

வேலை செய்யும் முறை

* ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, தூக்காத பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.
* வீல் நட்டுகளைத் தூக்கும் முன்பே லேசாகத் தளர்த்துங்கள்.
* கார் மேனுவலில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். எலெக்ட்ரிக் கார்களில் அடியில் பேட்டரி இருப்பதால் இதில் கூடுதல் கவனம்.
* காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
* எண்ணெய் குறைந்தால் ஜாக்கி ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் சீல்களைக் கெடுத்துவிடும்.

வாங்கிய புதிதில், காரைத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டு, ஜாக்கியைப் பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். மெல்ல இறங்கினால், பில்லோடு கடைக்கே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.