யோகி பாபு துரத்தினால் காமெடி, எஸ்.கே. துரத்தினால் காதலா? 'ரெமோ'வை இப்போ பார்த்தால் எங்கே இடிக்குது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'ரெமோ' ஓடினால் சேனலை மாத்தாம பார்க்கிறவங்கள்ல நானும் ஒருத்தி. பி.சி.ஸ்ரீராமின் கேமரா, அனிருத்தின் பாட்டு, நர்ஸ் கெட்டப்பில் சிவகார்த்திகேயனின் நடை... இதெல்லாம் இன்னைக்கும் சலிக்கல. ஆனா, கதையைக் கொஞ்சம் யோசிச்சா சிரிப்பு பாதியிலேயே நின்னுடுது.

2016 அக்டோபரில் வெளியான இந்தப் படத்தின் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சினிமாவில் நடிக்க வாய்ப்பு தேடும் எஸ்.கே., டாக்டர் காவ்யாவை (கீர்த்தி சுரேஷ்) பார்த்ததும் காதலில் விழுகிறார். காவ்யாவுக்கோ வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகிறது. பட வாய்ப்புக்காகப் போட்ட நர்ஸ் வேஷத்தை நிஜப் பெண் என்று காவ்யா நம்பிவிட, 'ரெமோ' என்ற பெயரில் அவரது மருத்துவமனையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார் எஸ்.கே.

ஜாலியான ஹீரோ, செல்லம் கொடுக்கும் அம்மா, ஐடியா சொல்ல ஒரு நண்பன், பார்த்த நொடியில் காதல், ரசிகர்களுக்குப் பிடிக்காத மாதிரியே எழுதப்பட்ட ஒரு மாப்பிள்ளை. ஃபார்முலா பக்காவா இருக்கு. ஃபார்முலாவே தப்புன்னு சொல்ல வரல. ரொமான்டிக் காமெடியில் கடைசியில் ஜோடி சேரும்னு தெரிஞ்சுதான் டிக்கெட் எடுக்கிறோம். அந்தப் பெண் ஏன் சம்மதிக்கிறாள் என்பதைத்தான் படம் சொல்லணும். 'ரெமோ' அங்கேதான் சறுக்குது.

காவ்யா ஒரு டாக்டர். ஆனா, அவருக்கு வேலையில் என்ன ஆசை, வாழ்க்கையில் என்ன பயம் என்று படத்துக்குப் பெரிய அக்கறை இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்பது, ஹீரோவுக்குத் தேவைப்படும் தகவலாக மட்டுமே நமக்குத் தெரியவருது.

அந்தத் தகவல் கிடைக்கிற வழிதான் ரொம்ப உறுத்தல். காவ்யா மனம்விட்டுப் பேசுவது ஒரு ஆணிடம் இல்லை, கூட வேலை பார்க்கும் தோழியிடம். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற அந்த நெருக்கத்தை ஹீரோ திருடிக்கொள்கிறார். எஸ்.கே.வாக வந்து நின்றால் 'வேண்டாம்' என்று சொல்லலாம். ரெமோவாக வந்தால் காவ்யா எதை மறுப்பது? மறுக்க ஒரு ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாதே! உண்மை தெரிந்ததும் அவர் கோபப்படுகிறார். அது நியாயமான கோபம். படமோ அதை க்ளைமாக்ஸுக்கு முன் ஹீரோ தாண்ட வேண்டிய ஒரு வேகத்தடையா மட்டும்தான் பார்க்குது.

இதில் வேடிக்கை என்னன்னா, துரத்தல் எவ்வளவு தொல்லை என்பது படத்துக்கே தெரியும். நர்ஸ் ரெமோ மேல் காதலாகிப் பின்னாலேயே சுத்தும் யோகி பாபுவை நினைச்சுப் பாருங்க. அவர் வரும்போதெல்லாம் எஸ்.கே. நெளிகிறார், எரிச்சலாகிறார். நாமும் சிரிக்கிறோம். அதே வேலையை எஸ்.கே. செய்யும்போது மட்டும் பின்னணியில் வயலின்!

ஒரு காமெடி படத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையான்னு கேட்கலாம். படம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2016 ஜூனில், நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம் ஐடி ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கும் இந்தப் படத்துக்கும் முடிச்சு போட முடியாது. படப்பிடிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனா, பெண்களைப் பின்தொடர்வதை நம்ம சினிமா எப்படிக் காட்டுது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் 'ரெமோ' தியேட்டருக்கு வந்து, வசூலிலும் ஜெயிச்சது.

விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் 2013 முதலே தனிக் குற்றம். அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 354டி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78. முதல் முறைக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, மறுபடி செய்தால் 5 ஆண்டுகள் வரை.

வேஷம் போட்டாலே தப்பு என்றும் இல்லை. அதே 2016-ல் நலன் குமாரசாமி இயக்கிய 'காதலும் கடந்து போகும்' வந்தது. வேலை தேடும் யாழினிக்கும் (மடோனா செபாஸ்டியன்) பக்கத்து வீட்டு அடியாளான கதிருக்கும் (விஜய் சேதுபதி) நடுவே மெதுவாக ஒரு நட்பு வளரும். அதிலும் ஹீரோ ஒரு வேஷம் போடுவார். யாழினியின் வீட்டாரிடம் அவளுடைய காதலனாக நடிப்பார். நடிக்கச் சொல்லிக் கேட்பது யாழினிதான்.