பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு: விபத்துக்குள்ளானதா என அறிவது எப்படி?

புதிய டிராக்டரின் விலை பல லட்சம் ரூபாயாக உயர்ந்துவிட்ட நிலையில், சிறு விவசாயிகளும், வாடகை உழவு செய்ய முனையும் இளைஞர்களும் பழைய டிராக்டர்களையே நாடுகின்றனர். இதில் தவறொன்றுமில்லை. நன்கு பராமரிக்கப்பட்ட டிராக்டர் கைமாறிய பிறகும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் வாங்குவோர் பெரும்பாலும் கவனிப்பது டயரையும், என்ஜின் புகையையும், மணிக் கணக்கு காட்டும் மீட்டரையும்தான். வண்டி எப்போதாவது கவிழ்ந்ததா, மோதியதா, வெள்ளத்தில் மூழ்கியதா என்று கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்ற ஒரு சொல்லோடு பேச்சு விலைக்குத் திரும்பிவிடுகிறது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் காரின் அடையாள எண்ணைக் கொடுத்தால் அதன் விபத்து விவரங்களைத் தொகுத்து விற்கும் நிறுவனங்கள் உண்டு. நம் நாட்டில் ஒரு டிராக்டரின் விபத்து வரலாறு முழுவதையும் வாங்குபவர் பார்க்கத்தக்க ஒரே பதிவேடு கிடையாது. அது இன்சூரன்ஸ் கம்பெனியிலும், காவல் நிலையத்திலும், பட்டறை ரசீதிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. எதிலும் ஏறாத பகுதி வண்டியின் இரும்பில் இருக்கிறது. காகிதத்தையும் இரும்பையும் சேர்த்துப் படிப்பவருக்கே உண்மை புலப்படும்.

டிராக்டரின் முதுகெலும்பு

லாரிக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. என்ஜின், அதன் பின்னால் கிளட்ச் இருக்கும் கூடு, அடுத்து கியர் பெட்டி, கடைசியில் பின் அச்சுக் கூடு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டால் இணைக்கப்பட்டு, அந்தத் தொடரே வண்டியின் முதுகெலும்பாகிறது. இந்தக் கூடுகள் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பு வளையாது, அடி பலமாக விழுந்தால் விரிசல் விடும் அல்லது உடையும். வாய்க்கால் கரையில் டிராக்டர் கவிழும்போதும், பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டி மடங்கும்போதும் பெரும்பாலும் பாதிக்கப்படுவது கிளட்ச் ஹவுசிங் என்று பட்டறைகளில் சொல்லும் அந்தக் கூடும் அதன் இணைப்புகளுமே.

உடைந்த கூட்டை வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்தால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வார்ப்பிரும்பு வெல்டிங்கில் பழைய வலிமை திரும்புவதில்லை. மேலும், கூடு ஒரு நூல் அளவு கோணிப் பொருந்தினாலும் என்ஜினின் சுழல் தண்டும் கியர் பெட்டியின் தண்டும் நேர்கோட்டில் நில்லாமல் போகும். கிளட்ச் தட்டு அடிக்கடி தேய்வதும், பேரிங் இரைவதும், கியர் நழுவுவதும் இதனால் வருபவை. கரும்பு பாரத்துடன் பாலத்தில் ஏறும்போது இந்த வெல்டிங் விட்டுப்போனால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதிவுச் சான்று

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றின் அசலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதிலுள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். எண் உள்ள இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தால் எழுத்துகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, அரைத்துவிட்டு மறுபடி பொறித்த தடம் உண்டா என்பது தெரியும். என்ஜினை மாற்றியிருந்தால் அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத மாற்று என்ஜின் என்றால் பெரும் விபத்தோ, அதைவிட மோசமான ஒன்றோ பின்னால் இருக்கலாம். மத்திய அரசின் 'வாகன்' இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, கடன் கொடுத்த நிறுவனம், இன்சூரன்ஸ் காலம் முதலியவற்றைச் சரிபார்க்கலாம். விபத்து விவரம் அதில் வராது. அது சுத்தமாக இருப்பதை வைத்து வண்டியும் சுத்தம் என்று கொள்வது தவறு.

பாலிசி சொல்லும் கதை

பழைய வண்டி வாங்குவோர் கடைசி இன்சூரன்ஸ் பாலிசியை மட்டும் வாங்கி, தேதி முடியவில்லையா என்று பார்த்து மடித்து வைத்துவிடுகின்றனர். கேட்க வேண்டியது கடந்த நான்கைந்து ஆண்டுப் பாலிசிகளை. அவற்றில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு வரி இருக்கும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரிமியத்தில் தரப்படும் தள்ளுபடி அது. இழப்பீடு கேட்காத முதல் ஆண்டு முடிந்ததும் 20 சதவீதம், பின்னர் 25, 35, 45, முடிவில் 50 சதவீதம் என உயர்ந்துகொண்டே போகும். இழப்பீடு பெற்றுவிட்டால் அடுத்த பாலிசியில் பூஜ்யம்.

ஒரு வண்டியின் பாலிசிகளில் 2021இல் 20, 2022இல் 25, 2023இல் 35, 2024இல் பூஜ்யம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் காட்டிய பாலிசி நடப்பிலிருந்த காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். உடனே விற்பவர் மீது பழி போட்டுவிடக் கூடாது. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்கத் தவறினாலும் இந்தத் தள்ளுபடி போய்விடும். இடையில் உரிமையாளர் மாறியிருந்தாலும் போகும். ஏனெனில் அது உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு அன்று. பாலிசித் தேதிகளையும் ஆர்.சி.யில் பெயர் மாறிய தேதியையும் பார்த்தால் இவ்விரண்டும் தெளிந்துவிடும். இரண்டும் இல்லையெனில் இழப்பீடு பெறப்பட்டிருக்கிறது. எதற்காக, எவ்வளவு என்பதை விற்பவரை உடன் அழைத்துச் சென்று அந்த இன்சூரன்ஸ் கிளையிலேயே கேட்பது நல்லது. உடன் வர மறுப்பவரிடம் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.

இந்த வரியை முழுதும் நம்பிவிடவும் கூடாது. இது சொந்தச் சேதத்தை மட்டுமே காட்டும். டிராக்டர் மோதி இன்னொருவர் காயமடைந்து, அவருக்கு மூன்றாம் நபர் இழப்பீடு வழங்கப்பட்டிருந்தாலும் இந்தத் தள்ளுபடி குறையாது. அதற்கும் மேலாக, பழைய டிராக்டர்கள் பல மூன்றாம் நபர் பாலிசியோடு மட்டுமே ஓடுகின்றன. அவை கவிழ்ந்தால் உரிமையாளர் கைக்காசு போட்டு ரிப்பேர் செய்துகொள்வார். எந்தக் கம்பெனியிலும் குறிப்பு இராது. சில வண்டிகளுக்குப் பாலிசியே இருப்பதில்லை என்பதும் எல்லோரும் அறிந்ததே.

'முழு இழப்பு' வண்டிகளைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கிடும். உடைந்த வண்டி பின்னர் விலை போகிறது. அதை மலிவாக வாங்கி, ஒட்டி, சந்தைக்குக் கொண்டுவருவோர் உண்டு. சந்தை விலையைவிட மிகக் குறைத்துச் சொல்லப்படும், புதுப் பெயிண்ட் மின்னும் வண்டியின் பழைய பாலிசிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வழக்கு நிலுவை

ஆள் காயமடைந்த அல்லது இறந்த விபத்தில் சிக்கிய வண்டியைக் காவல்துறை கைப்பற்றி, பின்பு நீதிமன்றம் உரிமையாளரிடம் ஒப்படைப்பது வழக்கம். அப்போது வழக்கு முடியும்வரை விற்கவோ உருமாற்றவோ கூடாது என்று நிபந்தனை விதிப்பதுண்டு. அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் பணம் முடங்கும். வண்டி வழக்கமாக ஓடும் ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்தாலே இது தெரிந்துவிடும். கிராமத்தில் விபத்தை மறைப்பது எளிதன்று.

இரும்பைப் படித்தல்

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், கழுவிய பின் பார்க்க வேண்டும். பழக்கமான மெக்கானிக் உடன் இருப்பது நல்லது. ஆனால் அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது.

முதலில் கிளட்ச் கூட்டின் அடிப்பக்கத்தையும் இணைப்பு விளிம்புகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெல்டிங் மேடு, அரைத்த தடம், பழைய போல்ட்டுகளின் நடுவே இரண்டு மூன்று புது போல்ட்டுகள், இணைப்பில் பிதுங்கி நிற்கும் புதுப் பசை, ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்க் கசிவு ஆகியவை அறிகுறிகள். கிளட்ச் மாற்றுவதற்காக வண்டியைப் பிரித்திருந்தாலும் புதுப் பசை இருக்கும். அது குற்றமில்லை, வெல்டிங் மேடுதான் குற்றம்.

அடுத்து முன் சக்கரங்களை நேராக வைத்து, பின் சக்கர மையத்திலிருந்து முன் சக்கர மையம் வரை இரு பக்கமும் கயிறு பிடித்து அளக்க வேண்டும். இரு அளவும் ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால் முன் அச்சோ அதன் தாங்கியோ அடிபட்டிருக்கலாம். முன் டயர் இரண்டும் வெவ்வேறு விதமாகத் தேய்ந்திருப்பதும் இதையே காட்டும். பின் சக்கரத்தை, வண்டி நகராதபடி கட்டை கொடுத்து ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் குச்சியை அசையாமல் பிடித்தால் ஆட்டம் தெரியும். ரிம் கோணலாகவும் இருக்கலாம், உள்ளே தண்டு வளைந்தும் இருக்கலாம், இரண்டாவதுதான் பெருஞ்செலவு.

பழைய வண்டியில் ஸ்டியரிங் சக்கரம், புகைக் குழாய், பானெட் மூன்றும் ஒருசேரப் புதிதாக இருந்தால் கவிழ்ந்ததா என்று கேட்க வேண்டும். மட்கார்டு போன்ற தகட்டுப் பாகங்களில் சிறு காந்தத்தை நகர்த்தினால் பட்டி பூசிய இடத்தில் பிடி தளரும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுச் சட்டம் பொருத்திய வண்டியாயின், அது ஒருமுறை வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நிமிர்த்திய சட்டம் இரண்டாம் முறை ஆளைக் காக்காது. மாற்றியே ஆக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கியவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. இத்தகைய வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் பின்னர் தொலைதூரச் சந்தைகளுக்கும் வரக்கூடும். அப்பகுதிப் பதிவெண் கொண்ட எல்லா வண்டியும் கெட்டதென்று ஒதுக்குவது அநியாயம். அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேட்டு, அதையடுத்த மாதங்களின் ரிப்பேர் ரசீதுகளைப் பார்த்தால் போதும்.

நஞ்சைப் பகுதிகளில் இங்கே ஒரு குழப்பம் வரும். சேற்றுழவு செய்யும் டிராக்டரின் அச்சுகளில் சேறு படிந்திருப்பதும், சீல் தேய்ந்து பின் அச்சு எண்ணெயில் நீர் கலந்து பால்போல் வெளுப்பதும் சாதாரணம். அது தேய்மானமே, மூழ்கல் அன்று. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், மீட்டர் பெட்டி, விளக்குகளின் உட்புறம் ஆகிய இடங்களில் வண்டல் படிந்திருந்தால்தான் மூழ்கிய வண்டி என ஐயுற வேண்டும். என்ஜின் எண்ணெயும் சேர்ந்து வெளுத்திருந்தால் ஐயம் வலுக்கும்.

வாங்கலாமா, விடலாமா?

அடிபட்ட வண்டி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. தகடு நசுங்கியது, முன் அச்சை ரசீதுடன் புதிதாக மாற்றியது போன்றவற்றுக்கு விலையைக் குறைத்து வாங்கலாம். உடைந்த கூட்டை நீக்கிப் புதுக் கூடு பொருத்தி, அதற்கு ரசீதும் இருந்தால் வேலை செய்வித்துப் பார்த்து முடிவு செய்யலாம். கூட்டில் வெல்டிங் உள்ள வண்டியை எந்த விலைக்கும் வாங்காதிருப்பதே நல்லது.

விலை முடிந்ததும் 29, 30ஆம் எண் படிவங்களைக் கையெழுத்திட்டு உடனே பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018இல் தீர்ப்பளித்துள்ளதால், இதில் விற்பவருக்கும் அக்கறை இருக்க வேண்டும். கடன் பாக்கியிருந்த வண்டியாயின் கடன் தீர்ந்ததற்கான 35ஆம் எண் படிவமும் தேவை. இன்சூரன்ஸை வாங்கியவர் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தானே வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான காப்பு, பெயர் மாற்றாவிட்டால் வராது. டிரெய்லருக்குத் தனிப் பதிவெண்ணும் தனி ஆர்.சி.யும் உண்டு. டிராக்டரோடு சேர்த்து வாங்கும்போது அதன் தாள்களையும் அப்போதே பெற்றுக்கொள்ள வேண்டும். இழுவைக் கொக்கியைச் சுற்றிலும் வெல்டிங் உண்டா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.