சிறுகணினிகளில் கட்டற்ற இயங்குதளமும் தமிழ்ப் பனுவல்களும்

முன்னுரை

கணினியின் செயலி வகை மாறினால் இயங்குதளமும் மென்பொருள்களும் அதற்கேற்ப மீளத் தொகுக்கப்பட வேண்டும். மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருளில் இதனை உரிமையாளரே செய்ய இயலும். கட்டற்ற மென்பொருளில் எவரும் செய்யலாம். குறைந்த மின்னாற்றலில் இயங்கும் சிறுகணினிகளில் இவ்வேறுபாடு தமிழாய்வுக்குத் தரும் பயனை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னைச் சான்றுகள்

சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழி இடைமுகங்களுடன் பாஸ் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. 2012இல் வந்த, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை கணினியின் இயங்குதளமும் டெபியன்வழியதே. முதல் கணினியின் நினைவகம் 256 எம்.பி. மட்டுமே, ஆதலின் எல்.எக்ஸ்.டி.இ. என்னும் எளிய மேசைத்தளம் அதில் பயன்பட்டது. அதன் செயலி ஆர்ம் வகையினது. அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவினர் ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைக் கொண்டு சக்தி செயலியை வடிவமைத்தனர். 2018இல் அச்செயலியில் லினக்ஸ் இயங்கியது. 2025இல் வெளிவந்த டெபியன் 13 ரிஸ்க்-வி வகையையும் முறையாக ஏற்றுள்ளது.

தமிழ்ப் பனுவல்களின் நிலை

லோகித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலகம் ஆகியன கட்டற்ற நிலையில் கிடைப்பதால் ஒவ்வொரு செயலிக்கும் உடன் செல்கின்றன. ஆயின் பழைய தனிக்குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாதது.

முடிவுரை

கணினி வாங்கும் தமிழ்த்துறைகள் விலை, மின்செலவு ஆகியவற்றுடன், தம் தரவுகள் எச்செயலியிலும் திறக்குமா என்பதையும் கருதுதல் வேண்டும். கருவி மாறினும் பனுவல் நிலைத்தலே ஆய்வுக்கு அடிப்படையாகும்.