நாராவின் பெரிய புத்தர்

சென்ற வாரம் கியோத்தோ நகரத்து ஆலயங்களைப் பற்றிச் சொல்லி நிறுத்தினேன். அங்கிருந்து தெற்கே ரயிலில் முக்கால் மணி நேரம் பிரயாணம் செய்தால் நாரா வந்துவிடுகிறது. கியோத்தோ தலைநகராவதற்கு முன்பே, 710-ஆம் ஆண்டு தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் ராஜதானியாக விளங்கிய ஊர் அது. ஜப்பானில் நாங்கள் கண்ட காட்சிகள் எத்தனையோ இருக்க, இன்றும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது நாராதான். அதற்குக் காரணம் என் தாயார். மற்ற ஊர்களிலெல்லாம் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நிதானமாக வந்தவர், அங்கே எங்களுக்கு முன்னால் நடந்தார்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், ஒரு நீரூற்றின் நடுவே கியோகி என்ற துறவியின் சிலை நிற்கிறது. ஊர் ஊராகச் சென்று ஏரிகளை வெட்டுவித்தும், பாலங்களைக் கட்டுவித்தும், பின்பு பெரிய புத்தரின் திருப்பணிக்காக ஜனங்களிடம் பொருள் திரட்டியும் வாழ்ந்த மகான் அவர். 736-ஆம் ஆண்டில், சீனா வழியாகக் கடல் கடந்து வந்த போதிசேனர் என்ற தென்னிந்திய பிக்ஷுவை, இன்று ஒஸாகா என்று வழங்கும் துறைமுகத்தில் எதிர்கொண்டு அழைத்தவரும் அவரே என்று நான் சொன்னவுடன், அம்மா அங்கேயே நின்று, அந்தச் சிலைக்குக் கை கூப்பினார். நம் பக்கத்திலிருந்து போனவரை வாசலில் வந்து அழைத்தவர் என்றால் அவர் நமக்கும் வேண்டியவர்தானே!

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் மான்கள். கஸுகா ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மானின் மீது ஏறி வந்தது என்பது அவ்வூர் ஐதிகம். ஆதலால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் அங்கே யாருக்கும் அஞ்சாமல் உலவுகின்றன. அரிசித் தவிடும் மாவும் கலந்து சுட்ட மெல்லிய வில்லைகளைக் காகிதப் பட்டையால் சுற்றிக் கட்டி விற்கிறார்கள். என் மகள் ஒரு வில்லையை உயர்த்திப் பிடித்தாள். எதிரே நின்ற மான் தலையைத் தாழ்த்தி நிமிர்ந்தது, அவளும் தாழ்த்தினாள், அது மறுபடியும் தாழ்த்தியது. இந்த மரியாதைப் பரிமாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு மான் பின்னால் வந்து அம்மாவின் முந்தானையைச் சுவைக்கத் தொடங்கியிருந்தது.

தோதாய்ஜி ஆலயத்தின் தெற்கு வாசலில், 1203-ஆம் ஆண்டில் உன்கெய், கைகெய் முதலான சிற்பிகள் மரத்தில் செதுக்கிய இரண்டு காவல் தேவர்கள், 8 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தோடு நரம்புகள் புடைக்க நிற்கிறார்கள். "துவாரபாலகர்கள்" என்று அம்மா பேரப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டு உள்ளே நடந்தார். 1180-லும் 1567-லும் யுத்தங்களில் தீக்கிரையாகி, 1709-ல் முன்பிருந்ததைவிடச் சிறிதாக எழுப்பப்பட்ட மண்டபமே இப்போதிருப்பது என்று படித்திருந்தேன். ஆனால் வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது சிறிது என்ற எண்ணம் சிறிதும் எழவில்லை. உள்ளே, ஏறக்குறைய 50 அடி உயரத்தில், வெண்கலத்தில் வார்த்த வைரோசன புத்தர் வலக்கரத்தால் அபயம் காட்டி வீற்றிருக்கிறார்.

735 முதல் 737 வரை பெரியம்மை ஜப்பானைச் சூறையாடியது. பஞ்சமும் கலகமும் சேர்ந்து வாட்டிய அக்காலத்தில், தேசத்தின் க்ஷேமத்தை வேண்டி இந்த விக்கிரகத்தை வார்க்க 743-ல் சங்கற்பம் செய்துகொண்டவர் ஷோமு சக்கரவர்த்தி. ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து இத்திருப்பணியில் சேர விரும்புகிறவர்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். 752-ல் விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் வைபவம் வந்தபோது, பட்டத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டு நோயுற்றிருந்த சக்கரவர்த்தியின் ஸ்தானத்தில் நின்று, தூரிகையைக் கையில் ஏந்திக் கண்மணிகளைத் தீட்டியவர் நம் போதிசேனர். அந்தத் தூரிகையில் ஒரு நீண்ட நீலப் பட்டுக் கயிற்றைப் பிணைத்துக் கீழே விட்டிருந்தார்கள். கூடியிருந்தோர் அதைப் பற்றிக்கொண்டு நிற்க, கண் திறந்த புண்ணியத்தில் அவர்கள் யாவருக்கும் பங்கு கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்ட கியோகி அந்தக் காட்சியைக் காணவில்லை. தூரிகையும் கயிறும் இன்றும் அந்த ஆலயத்தின் பழைய பண்டாரமான ஷோஸோஇன்னின் பொக்கிஷங்களோடு காக்கப்படுகின்றன. முதல் தீவிபத்துக்குப் பின் 1185-ல் மறுபடியும் கண் திறந்தபோது அதே தூரிகையைத்தான் எடுத்தார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டு வந்த நான் இந்த இடத்தில் நிறுத்தும்படி ஆயிற்று. தம் பிறந்த ஊர்க் கும்பாபிஷேகத்தில் ஸ்தபதி பொன்னூசி கொண்டு அம்பாளுக்குக் கண் திறந்ததைச் சிறுமியாக நின்று பார்த்தவர் அம்மா. "கண் திறக்கிற வரைக்கும் அது கல்லு, திறந்தப்புறந்தான் சாமி. முதல் பார்வை யார் மேலயும் நேரா விழக் கூடாதுன்னு எதிர்ல கண்ணாடியைக் காட்டுவாங்க" என்று அவர் விவரிக்க விவரிக்க, புத்தகத்தில் நான் படித்ததெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. "பாட்டி, நீங்களும் கயிற்றைப் பிடிச்சீங்களா?" என்று பையன் கேட்டான். எங்க ஊரில் கயிறு இல்லை, ஆனால் ஊரே பிடித்துக்கொண்டுதான் நின்றது என்றார்.

மண்டபத்துக்கு வெளியே, வாசலுக்கு வலப்புறம், பிண்டோல பாரத்வாஜர் என்ற புத்த சீடரின் மரச்சிலை சிவப்புத் துணி போர்த்து அமர்ந்திருக்கிறது. நமக்கு எங்கே வலியோ, சிலையின் அந்த அங்கத்தைத் தடவி அதே கையால் நம் உடம்பைத் தடவிக்கொண்டால் நோய் தீரும் என்பது நம்பிக்கை. அம்மா முழங்காலைத் தடவினார். பக்கத்தில் அவர் வயதே மதிக்கத்தக்க ஜப்பானியப் பாட்டி ஒருவர் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். ஒருவர் முழங்காலைக் காட்ட, மற்றவர் தோளைக் காட்ட, பிறகு இருவரும் இடுப்பையும் காட்டிக்கொள்ள, ஒரு பாஷையும் இல்லாமல் அரை மணி நேரம் அவர்கள் பேசினார்கள். புறப்படும்போது அந்த மூதாட்டி தம் துணிப்பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து இரு கைகளாலும் நீட்ட, அம்மா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் கியோத்தோ திரும்புவதாக இருந்த ஏற்பாட்டை மாற்றி நாராவிலேயே இரவு தங்கினோம். கல்லிலும் வெண்கலத்திலுமாக மூவாயிரம் விளக்குகள் நிறைந்த கஸுகா ஆலயத்துக்கு மறுநாள் அதிகாலையில் சென்றதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)