தேன் உறைவது ஏன்?

கதர் கிராமத் தொழில் கமிஷன் 1962-இல் புனே நகரில் மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. தேனீ வளர்ப்பில் பயிற்சி பெற்றோர் பலராயினும், பழைய ஐயம் ஒன்று இன்னும் நீங்கவில்லை. குளிர்காலத்தில் தேன் வெண்மையாக உறைந்தால், அதில் சர்க்கரை கலந்திருப்பதாகக் கருதி வாங்குவோர் மறுத்துவிடுகின்றனர். இதனால் நேர்மையான உற்பத்தியாளர் இழப்படைகிறார். இவ்வுறைவின் காரணம் சர்க்கரைகளின் அமைப்பில் உள்ளது.

தேனிலுள்ள முக்கியமான சர்க்கரைகள் குளுகோஸ், பிரக்டோஸ் என்பன. இரண்டின் மூலக்கூறிலும் ஆறு கார்பன் அணுக்களும், பன்னிரண்டு ஹைட்ரஜன் அணுக்களும், ஆறு ஆக்ஸிஜன் அணுக்களும் உள்ளன. அவை இணைந்துள்ள முறையே வேறு. சங்கிலி வடிவில், ஆக்ஸிஜனுடன் கூடிய இரட்டைப் பிணைப்பு குளுகோஸில் முதற் கார்பனிலும், பிரக்டோஸில் இரண்டாவதிலும் அமைந்துள்ளது. இவ்வாறு அணுக்களின் எண்ணிக்கையில் ஒத்து, அமைப்பில் மாறுபடும் பொருள்களை மாற்றியங்கள் என்பர். பாற்சர்க்கரையினின்று கிடைக்கும் காலக்டோஸும் மற்றொரு மாற்றியமே. நான்காம் கார்பனில் உள்ள ஹைட்ராக்ஸில் தொகுதியின் திசை ஒன்றே அதனைக் குளுகோஸினின்று வேறுபடுத்துகிறது. குளுகோஸின் அமைப்பை 1891-இல் நிறுவிய ஜெர்மானிய விஞ்ஞானி எமில் பிஷர், 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

அமைப்பு மாறவே இயல்பும் மாறுகிறது. பிரக்டோஸ் இனிப்பு மிக்கது. நீரில் மிக எளிதிற் கரைவது. குளுகோஸ் அத்துணை கரையாததால் படிகமாகப் பிரிகிறது. ஆகவே, குளுகோஸ் மிகுந்த தேன் விரைவில் உறைகிறது.

ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தினால், குளுகோஸ் அதனை வலப்புறமும் பிரக்டோஸ் இடப்புறமும் திருப்பும். கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோஸும் வலப்புறமே திருப்பும். மலர் மதுவிலுள்ள சுக்ரோஸைத் தேனீயின் நொதி ஒன்று இவ்விரண்டாகப் பிளக்கிறது. பிரக்டோஸின் திருப்புந்திறன் மிகுதியாதலால், விளையும் கலவை ஒளியை இடப்புறம் திருப்புகிறது.

ஆயினும், கரும்புச் சர்க்கரையை அமிலத்துடன் காய்ச்சினாலும் இதே கலவை கிடைக்கும். ஆதலின் ஒளிச் சோதனை மட்டும் கலப்படத்தைக் காட்டாது. கரும்பில் கார்பன்-13 விகிதம், தேனீக்கள் நாடும் பெரும்பாலான மலர்ச் செடிகளில் உள்ளதைவிடச் சற்று மிகுதி. அவ்வேற்றுமை கரும்புப் பாகைக் காட்டிக்கொடுக்கிறது. நெல்லரிசிப் பாகுக்கோ இதுவும் பயன்படாது; அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு போன்ற நுண்சோதனைகள் வேண்டும்.

எனவே, உறைந்த தேனைக் கண்டு கலப்படம் என்று முடிவு செய்யலாகாது. உறையாத தேன் தூயது என்றும் கொள்ளலாகாது. உறைந்த புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் படிகங்கள் கரையும். நேரே அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் மணமும் நொதிகளும் கெடும். மாணவர்க்கும் உற்பத்தியாளர்க்கும் இதனைச் செய்து காட்டுக.