வீட்டுல இருந்த அந்த ஒரு காப்பி

இந்த வார எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசினோம். அதுல சட்டுன்னு கடந்து போன ஒரு பேரைப் பத்தி இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன்: கேலின் சஸ்மன்.

பிக்சாரோட 'டாய் ஸ்டோரி 2' படத்துக்கு இவங்கதான் சூப்பர்வைசிங் டெக்னிக்கல் டைரக்டர். டைரக்டர் மனசுல இருக்கிற காட்சியை கம்ப்யூட்டர்ல கொண்டு வர்ற டீமுக்குத் தலைவர். போஸ்டர்ல இந்த வேலை தெரியாது.

1998-ல, படம் பாதியில இருந்தப்போ, யாரோ ஒருத்தர் சர்வர்ல தப்பான இடத்துல ஒரு கமாண்ட் கொடுத்துட்டார். யூனிக்ஸ்ல 'ஆர்எம்'னா அழி. கூட 'ஆர்எஃப்' சேர்த்தா, உள்ளே இருக்கிற ஃபோல்டர்களையும் சேர்த்து, "நிச்சயமா?"ன்னு கேட்காமலே அழி. ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. வுடியோட ஃபைல்கள் கண் முன்னாடியே மறைய ஆரம்பிச்சது. மெஷினை நிறுத்துறதுக்குள்ள படத்தோட சுமார் 90 சதவீதம் போயிடுச்சு.

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது. ஆனா கொஞ்ச நாளாவே அது ஒழுங்கா ஓடலை. யாரும் ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காததால அது யாருக்கும் தெரியலை.

அப்பதான் சஸ்மனுக்கு ஞாபகம் வந்தது. குழந்தை பிறந்ததால அவங்க வீட்டுல இருந்தும் வேலை பார்த்தாங்க. அதுக்காகப் படத்தோட ஒரு காப்பி வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்தது. அதைப் போர்வையில சுத்தி, கார் பின் சீட்ல வச்சு, மெதுவா ஓட்டி ஆபீஸுக்குக் கொண்டு வந்தாங்க. படம் திரும்பக் கிடைச்சது. கதையைப் பிறகு பெரும்பாலும் மாத்தி, 1999 நவம்பர்ல ரிலீஸ் பண்ணினாங்க.

இதுல நான் முக்கியமா பார்க்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த காப்பி பாதுகாப்புக்காகப் போட்ட திட்டமே இல்லை. ஒரு அம்மா வேலையை விடாம தொடர முடிஞ்சதால உண்டான காப்பி. ரெண்டாவது, அந்தக் கமாண்டை அடிச்சது யாருன்னு பிக்சார் தேடி அலையலை. பிக்சாரோட எட் கேட்மல் தன்னோட புத்தகத்துல இதைச் சொல்லியிருக்கார்.

சஸ்மன் பிறகு 2022-ல வந்த 'லைட்இயர்' படத்தைத் தயாரிச்சாங்க. 2023-ல பிக்சார் 75 பேரை வேலையை விட்டு நீக்கினப்போ, அந்த லிஸ்ட்ல அவங்க பேரும் இருந்தது. ஒரு படத்தையே காப்பாத்தினவங்களுக்கும் வேலைக்கு கேரண்டி இல்லை.

நம்ம விஷயத்துக்கு வருவோம். போன்ல இருக்கிற போட்டோ கிளவுட்ல சிங்க் ஆகுதுன்னா அது பேக்கப்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் இங்கே அழிச்சா அங்கேயும் அழியும். மூணு காப்பி வையுங்க, ரெண்டு வேற வேற வகை மீடியாவுல சேமியுங்க, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

இந்த வார வீட்டுப்பாடம்: பாட்டி ஊர்ல இருந்து அனுப்பின ஒரு வாய்ஸ் நோட்டை பேக்கப்ல இருந்து எடுத்து, வேற மெஷின்ல ஓட்டிப் பாருங்க. பாட்டி குரல் கேட்டாத்தான் அது பேக்கப்.