தவணைக்கு ஒரு மடிக்கணினி

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன நாளில் சொன்னபடி நடத்தலும் நாணயம். இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் காண விரும்புவோர் சேலம், நாமக்கல் வட்டாரத்து லாரித் தொழிலைப் பார்த்தால் போதும். சங்ககிரியில் ஒருவர் புதிய லாரி வாங்க எண்ணுகிறார். சேசிஸின் விலையில் பெரும்பகுதி கடனாகக் கிடைக்கிறது. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி முடிந்து வண்டி சாலைக்கு வருவதற்குள் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் ஏறிவிடுகிறது. ஜாமீன் கையெழுத்துக்கு உறவினரோ உடன் தொழில் செய்பவரோ முன்வருகிறார். கொடுப்பவர் கேட்கும் கேள்விகள் சிலவே. எந்த ஊர்? யார் மகன்? முன்பு வாங்கிய வண்டிக்குத் தவணை நாள் தவறாமல் வந்ததா? இக்கேள்விகளுக்கு விடை ஊரிலேயே கிடைத்துவிடுகிறது.

இதே வட்டாரத்துக் கல்லூரிகளில் பட்டம் பெற்ற இளைஞர்கள் இன்று மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் செல்கிறார்கள். சென்று இறங்கிய முதல் வாரத்திலேயே அவர்களுக்குக் கைப்பேசி வேண்டும். பாடத்திற்கு மடிக்கணினியும் வேண்டும். கடைக்குச் சென்று, தவணைக்குத் தர இயலுமா என்று கேட்கிறார்கள். அங்கே எந்த ஊர், யார் மகன் என்று எவரும் கேட்பதில்லை. கணிப்பொறியில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை. தந்தையார் முப்பது ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டியிருக்கலாம். அந்த நற்பெயர் பொதுவாகக் கடல் கடந்து செல்வதில்லை. சென்ற நாட்டில் மாணவர் நல்லவருமல்லர், கெட்டவருமல்லர், அறியப்படாதவர். அறியப்படாதவருக்குக் கடன் மறுக்கப்படும். கிடைத்தாலும் கூடுதல் விலைக்கே கிடைக்கும்.

இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது என்பதற்கு ஜெர்மனியின் வரலாறு நல்ல சான்று. அந்நாட்டில் தனிமனிதரின் கடன் ஒழுக்கத்தைப் பதிவு செய்யும் நிறுவனத்திற்கு ஷூஃபா என்று பெயர். அது 1927-இல் பெர்லின் நகரில் தோன்றியது. அந்நகருக்கு மின்சாரம் வழங்கிய பேவாக் என்னும் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு மின்சாதனங்களைத் தவணைக்கு விற்று வந்தது. யார் மின்கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்துகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பதை அந்நிறுவனம் தன் பேரேட்டிலிருந்தே அறிந்திருந்தது. அந்த அறிவை மற்ற வணிகர்களும் பகிர்ந்துகொண்டால் பயன் விளையுமே என்று அங்குப் பணிபுரிந்தவர்கள் எண்ணியதன் விளைவே ஷூஃபா. மின்சாதனத்தைத் தவணைக்கு விற்றதிலிருந்தே இப்பதிவேடு பிறந்தது என்பது கருதத்தக்கது. நம் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருந்த ஏடு அங்கே தாளில் ஏறியது. பின்னர்க் கணிப்பொறிக்குள் புகுந்தது.

அமெரிக்காவில் இவ்வேடு எண்ணாகவே மாறிவிட்டது. 1989-ஆம் ஆண்டு முதல் அங்குப் பெருவழக்காக உள்ள ஃபைகோ மதிப்பெண் 300-இல் தொடங்கி 850 வரை செல்வது. இம்மதிப்பெண் ஒருவருக்குக் கணிக்கப்பட வேண்டுமாயின், அவர் பெயரில் குறைந்தது ஆறு திங்கள் பழமையான கடன் கணக்கு ஒன்றேனும் இருத்தல் வேண்டும். ஆகவே புதிதாகச் சென்ற மாணவருக்குக் குறைந்த மதிப்பெண் இருக்கிறது என்று கருதுவது தவறு. அவருக்கு மதிப்பெண்ணே இல்லை. கடனட்டையைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. 21 வயது நிரம்பாதவர், திருப்பிக் கட்டத் தக்க சொந்த வருவாய்க்குச் சான்று காட்ட வேண்டும். அல்லது வயது நிரம்பிய ஒருவர் உடன் பொறுப்பேற்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.

உடன் பொறுப்பேற்றல் என்பது நாம் அறிந்த ஜாமீனே. முன்னரே சென்று வேரூன்றிய மாணவரிடம் புதியவர் வந்து, “அண்ணா, ஒரு கையெழுத்துத்தானே!” என்று கேட்பார். அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அவ்வாறு இட்ட கையெழுத்துக்காக, ஊர் திரும்பிவிட்ட நண்பரின் தவணைகளைத் தாமே கட்டி முடித்ததாக எழுதியிருந்தார். கட்டாது விட்டிருந்தால் கறை படிவது நண்பரின் ஏட்டில் மட்டுமன்று, இவருடைய ஏட்டிலுந்தான். ஜாமீன் இடுவதன் பொருளை லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் விளங்கிக்கொண்டு கையெழுத்திடுவது நன்று.

இனி, கடன் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். அதன் விலை என்ன? இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பள்ளிக் கணக்கு தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் ஓதுகிறது. கடைக்காரர் சொல்லும் கணக்கோ இரண்டிலும் அடங்காதது. ரூ.60,000 விலையுள்ள மடிக்கணினியை 12 தவணைக்குத் தருகிறார்கள். வட்டி நூற்றுக்குப் பத்து என்கிறார்கள். வட்டி 6,000, மொத்தம் 66,000, திங்கள்தோறும் 5,500. கேட்பதற்கு எளிது. ஆனால் அந்த அறுபதாயிரமும் ஆண்டு முழுவதும் நம்மிடம் இருக்கிறதா? முதல் திங்களிலேயே திருப்பத் தொடங்கிவிடுகிறோம். சராசரியாகப் பார்த்தால் ஆண்டு முழுவதும் நம் கையில் நிற்பது பாதியைச் சற்றே கடந்த தொகைதான். வட்டியோ முழுத் தொகைக்கும் வாங்கப்படுகிறது. குறைந்துவரும் அசலின்மேல் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு ஆகிறது.

இதை நம் ஊர் வழக்கில் சொன்னால் உடனே விளங்கும். எழுதப் படிக்க அறியாத மூதாட்டியும் “ஒரு ரூபாய் வட்டி”, “இரண்டு ரூபாய் வட்டி” என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நூறு ரூபாய்க்குத் திங்களுக்கு எத்தனை ரூபாய் என்பதே அந்த அளவுகோல். மேற்சொன்ன மடிக்கணினிக் கடன் ஒன்றரை ரூபாய் வட்டிக் கடன். எந்த நாட்டில் எந்த மொழியில் எத்தகைய பெயரிட்டுக் கடனை நீட்டினாலும், அதன் உண்மையான ஆண்டு வட்டியைக் கேட்டறிந்து பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். நம் பாட்டிமார் அளவுகோல் கையில் வந்துவிடும். அந்த ஆண்டு வட்டியை வெளிப்படையாகக் காட்டியாக வேண்டும் என்று அமெரிக்கா 1968-இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, வட்டியில்லாத் தவணை என்ற ஒன்றே கிடையாது என்னும் கருத்தை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கும். அல்லது ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்கு மறுக்கப்படும். 2024 அக்டோபர் முதல் தனிமனிதருக்கு வழங்கும் புதிய கடன்களில் வட்டியும் கட்டணங்களும் அடங்கிய முதன்மை விவரத்தாளைக் கொடுத்தாக வேண்டும் என்ற விதியும் வந்துள்ளது.

அமெரிக்கக் கடைகளில் ஒரு நுட்பமான பொறி உண்டு. ஓராண்டுக்குள் முழுவதும் கட்டிவிட்டால் வட்டியே இல்லை என்பார்கள். பொய்யன்று. 1,200 டாலர் மடிக்கணினிக்குத் திங்கள்தோறும் 95 டாலர் வீதம் மாணவர் ஒழுங்காகக் கட்டி வருகிறார். பன்னிரண்டு தவணையில் கட்டியது 1,140. எஞ்சியது 60 டாலர். இந்த அறுபதுக்கு மட்டும் வட்டி வரும் என்று அவர் எண்ணுகிறார். வாங்கிய நாள் முதல் ஒதுக்கி வைத்திருந்த வட்டி முழுவதும் அன்று அவர் தலையில் விழுகிறது. வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடாயின் அது ஏறத்தாழ 175 டாலர். நம் அளவுகோலில் இரண்டு ரூபாய்க்கு மேற்பட்ட வட்டி. பன்னிரண்டால் சரியாக வகுத்து 100 டாலர் கட்டியிருந்தால் ஒரு காசும் விழுந்திராது.

ஜெர்மனியில் பொறி வேறு உருவில் அமைகிறது. ஒரு யூரோவுக்குக் கைப்பேசி என்று விளம்பரம் இருக்கும். உடன் 24 திங்கள் ஒப்பந்தமும் இருக்கும். எடுத்துக்காட்டாகத் திங்களுக்கு 40 யூரோ எனில் மொத்தம் 960. அதே கைப்பேசியை 500 யூரோவுக்கு ரொக்கமாக வாங்கி, 10 யூரோ சிம் கட்டணத்தில் இரண்டாண்டு ஓட்டினால் 740. இடையிலுள்ள 220 யூரோ சிறு தொகையன்று. அங்குப் படிக்கச் செல்லும் மாணவர் முடக்கக் கணக்கில் வைக்க வேண்டிய தொகை, 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து திங்களுக்கு எடுக்கக் கூடியது 992. வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். அந்தப் பணமும் பலருக்குக் காட்டை அடமானம் வைத்தோ கல்விக் கடன் பெற்றோ வந்தது. கடனாக வந்த பணத்தைக் கொண்டு இன்னொரு கடனுக்குத் தவணை கட்டும் நிலை அது.

இங்கிலாந்தில் தவணைக்காரருக்குச் சட்டத்தின் துணை சிறிது உண்டு. தவணை தவறியவுடன் பொருளைப் பறித்துச் செல்லும் கொடுமையைத் தடுக்க எலன் வில்கின்சன் என்னும் பெண் உறுப்பினர் முயன்று 1938-இல் ஒரு சட்டம் கொணர்ந்தார். வாடகைக் கொள்முதலில் மூன்றில் ஒரு பங்கு கட்டியபின் நீதிமன்ற ஆணையின்றிப் பொருளைக் கைப்பற்ற இயலாது என்னும் பாதுகாப்பு 1974-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. இன்னொரு செய்தியைப் பலர் அறியார். இந்தியர் காமன்வெல்த் குடிமக்கள் ஆதலால், அங்கு வாழும் இந்திய மாணவர் அந்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியலாம். கடன் பதிவு நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்ப்பது அப்பட்டியலைக் கொண்டே.

அப்படியாயின் புதிதாகச் செல்பவர் என்ன செய்வது? என் கருத்து இது: முதல் ஆறு திங்கள் மின்சாதனம் எதையும் தவணைக்கு வாங்க வேண்டாம். செப்பனிட்டு விற்கும் பழைய மடிக்கணினியே பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். பல்கலைக்கழக நூலகங்கள் பல மடிக்கணினியை இரவலும் தருகின்றன. ஏட்டில் பெயர் ஏற வேண்டுமாயின், அமெரிக்காவில் வைப்புத்தொகை கட்டிப் பெறும் கடனட்டையொன்றை எடுத்து, மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, திங்கள்தோறும் முழுத் தொகையையும் கட்டி வரலாம். மெதுவான வழிதான், எனினும் செலவில்லாதது.

ஊரை விட்டுப் புறப்படுமுன் இங்குள்ள கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாளில் தவணைக்கு வாங்கிய கைப்பேசிக்கு வங்கியிலிருந்து பணம் தானே கழியும் என்று விட்டுச் செல்கிறார்கள். கணக்கில் இருப்பு இல்லாமற் போகிறது. தவறிய தவணையின் பதிவு, கல்விக் கடனுக்குக் கையெழுத்திட்ட தந்தையார் அறியாமலே ஏறி நிற்கும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. நம் நாட்டில் அத்தகைய நிறுவனங்கள் நான்கு இருப்பதால், மூன்று திங்களுக்கு ஒன்றாகக் கேட்டாலும் ஆண்டு முழுவதும் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.